கட்டையா, மனுஷனா?

எங்கள் தெருமுனை டீக்கடையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு ஒரு சின்ன சபை கூடும். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், மருந்துக்கடைக்காரர், வங்கியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, அப்புறம் நான். அரசியல் பேசிப் பார்த்தோம், சண்டை வந்தது. உடம்பைப் பற்றிப் பேசினால் மருந்துக்கடைக்காரர் மட்டுமே பேசுகிறார். கடைசியில் ஒரு விளையாட்டில் வந்து நின்றோம். ஒருவர் இரண்டைச் சொல்வார், அடுத்தவர் அதில் ஒன்றை எடுக்க வேண்டும். இட்லியா தோசையா? ஜன்னலோர சீட்டா, கீழ் பெர்த்தா? மதுரை வெயிலா, கொடைக்கானல் குளிரா?

இதற்குச் சட்டமும் உண்டு. மாஸ்டர் அடுத்த கிளாஸ் டீயை ஆற்றி முடிப்பதற்குள் பதில் வந்துவிட வேண்டும். 'ரெண்டும்' என்று சொல்லக்கூடாது. 'ரெண்டும் வேண்டாம்' என்றும் சொல்லக்கூடாது. மீறியவர் தலையில் அன்றைய டீச் செலவு முழுவதும் விழும்.

பக்கத்து பெஞ்சில் பேப்பர் படிக்கிற பெரியவர் ஒருநாள் சிரித்துவிட்டார். "என்னங்க இது, சின்னப் பிள்ளைக வெளாட்டு?" என்றார். சின்னப் பிள்ளை விளையாட்டுதான், மறுக்கவில்லை. புளியங்கொட்டையைக் கைக்குள் பொத்திக்கொண்டு 'ஒத்தையா ரெட்டையா' என்று கேட்டு வளர்ந்த ஊர் இது. காசைச் சுண்டிவிட்டு 'பூவா தலையா' என்போம். வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாயைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் ராணியின் தலை, மறுபக்கம் எழுத்தைச் சுற்றிப் பூவும் கொடியும். ஆனால் அந்த இரண்டு விளையாட்டிலும் பதில் கைக்குள்ளோ காசிலோ இருக்கிறது. நீங்கள் ஊகிக்கிறீர்கள், அவ்வளவுதான். எங்கள் ஆட்டத்தில் பதில் உங்களுக்குள் இருக்கிறது. பல நேரம் அது உங்களுக்கே தெரியாது. அதனால்தான் இதைக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. டீ ஆறட்டும், பரவாயில்லை.

முதலில் கேள்வியைப் பாருங்கள். 'டீயா காபியா?' இதில் 'அல்லது' என்ற சொல்லே இல்லை. இரண்டு சொல்லின் வாலிலும் ஓர் 'ஆ' ஒட்டியிருக்கிறது. ஒரே ஒரு ஆ இருந்தால், 'டீயா?' என்றால், ஆமாம் இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போகலாம். இரண்டாவது ஆ வந்து சேர்ந்ததும் தலையாட்ட முடியாமல் போகிறது. ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கணக்கு வாத்தியார் ஒருமுறை 'டீயா காபியா' என்றதற்கு 'ஆமாம்' என்றார். தர்க்கப்படி அவர் சொன்னது சரி, இரண்டில் ஒன்று வேண்டும் என்பது உண்மைதானே. அன்றைக்கு நாலு டீக்கும் அவர்தான் காசு கொடுத்தார்.

இப்போது அந்த ஆவை மட்டும் மாற்றிப் பாருங்கள். 'டீயோ காபியோ' என்றால் எதுவானாலும் சரி என்று ஆகிவிடுகிறது, கேட்டவர் கையில் முடிவைக் கொடுத்துவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்கிறீர்கள். 'டீயும் காபியும்' என்றால் இரண்டும் மேசைக்கு வந்துவிடுகிறது. ஆ, ஓ, உம். ஓரெழுத்து ஈரெழுத்து வால்கள்தாம், ஆனால் ஒரு மனுஷன் முடிவெடுக்கிறாரா, நழுவுகிறாரா, ஆசைப்படுகிறாரா என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது. எங்கள் சட்டத்தை ஒரே வரியில் சொல்வதென்றால், ஆகாரத்தில் கேட்டால் ஓகாரத்திலும் உம்மையிலும் பதில் சொல்லக்கூடாது.

பழைய தமிழில் ஓகாரமே கேள்வி கேட்டது. வினா எழுத்து ஐந்தில் அதுவும் ஒன்று. பள்ளிக்கூடத்தில் நன்னூல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில், சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொண்டதால் எழுதிய இலக்கணம். அதில் கேள்வியை ஆறாகப் பிரிக்கிறார். தெரிந்தே கேட்பது அறிவினா, வாத்தியார் கேட்பது. தெரியாமல் கேட்பது அறியாவினா, மாணவன் கேட்பது. சந்தேகத்தில் கேட்பது ஐயவினா. கடையில் போய் 'பருப்பு இருக்கா' என்பது வாங்குவதற்கான கொளல்வினா. 'உனக்குச் சட்டை இல்லையா' என்று கொடுக்கும் எண்ணத்தோடு கேட்பது கொடைவினா. 'பாடம் படிச்சியா' என்று கேட்டு வேலையைச் செய்ய வைப்பது ஏவல்வினா.

இதில் மூன்றாவதாக நிற்கும் ஐயவினாவுக்குக் காலங்காலமாகச் சொல்லிவரும் உதாரணம் ஒன்று உண்டு. மசங்கல் நேரம். தூரத்தில் ஏதோ நிற்கிறது. 'அங்கே தெரிவது குற்றியோ மகனோ?' குற்றி என்றால் மரக்கட்டை, மகன் என்றால் இங்கே ஆள். கட்டையா, மனுஷனா? பன்னிரண்டு வயதில் இதை மனப்பாடம் செய்தபோது எனக்கு இதில் ஒன்றும் தெரியவில்லை. இப்போது ஞாயிறுதோறும் நினைத்துக்கொள்கிறேன். உச்சி வெயிலில் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது, கட்டை கட்டையாகத் தெரியும். நடுராத்திரியிலும் முடியாது, எதுவுமே தெரியாது. இரண்டுக்கும் நடுவே, இரண்டாகவும் தெரிகிற வெளிச்சத்தில்தான் அந்தக் கேள்வி பிறக்கிறது.

எங்கள் விளையாட்டின் சூட்சுமமும் இந்த வெளிச்சம்தான். 'பிரியாணியா பழைய சோறா' என்று கேட்டால் கேட்டவர் சரியாகக் கேட்கவில்லை என்று அர்த்தம். பெரும்பாலானவர்களுக்கு அது வெட்டவெளிச்சம். 'சித்திரை மாசத்துக் காலையில பழைய சோறும் சின்ன வெங்காயமுமா, சுடச்சுடப் பொங்கலும் வடையுமா' என்று கேளுங்கள், எதிராளி யோசிப்பார். கொஞ்சம் காலத்தையும் இடத்தையும் சேர்த்துத் தராசை நேராக்கிவிட்டீர்கள். பதில் சொல்வதில் பெரிய வித்தை இல்லை, வித்தையெல்லாம் ஜோடி கட்டுவதில்தான். மருந்துக்கடைக்காரர் இதில் கெட்டிக்காரர். அவர் கட்டிய ஜோடிகளில் எனக்குப் பிடித்தது: 'கல்யாணப் பந்தியில பாயசத்துல உப்பு விழுந்துருச்சு, இல்ல சாம்பார்ல சர்க்கரை விழுந்துருச்சு. பொண்ணு வீட்டுக்காரரா நீங்க எதை சமாளிப்பீங்க?' நல்லது இரண்டில் ஒன்றை எடுப்பது சுலபம். கெட்டது இரண்டில் ஒன்றை எடுக்கச் சொன்னால்தான் ஆள் விழித்துக்கொள்கிறார். (நான் சாம்பாரைத் தேர்ந்தெடுத்தேன். புளியைக் கரைத்து ஊற்றி, மிளகாயைக் கிள்ளிப்போட்டால் ஒருமாதிரி தேறிவிடும். உப்புப் பாயசத்தைப் படைத்த கடவுளாலும் திருத்த முடியாது.)

ஜோடி கட்டும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இரண்டும் ஓர் இனமாக இருக்க வேண்டும். 'வைகையா, ஞாயிற்றுக்கிழமையா' என்றால் விளையாட்டு நின்றுவிடும். கட்டைக்கும் மனுஷனுக்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள். தூரத்தில் நெட்டுக்குத்தாக நிற்பது என்ற வகையில் இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் எங்கள் கேள்வி உண்மையில் ஐயவினாவும் இல்லை. மாஸ்டர் 'ஸ்ட்ராங்கா லைட்டா' என்று கேட்கும்போது அவருக்கு ஐயம் கிடையாது, தெரியாததைக் கேட்கிறார். நாங்களும் அப்படித்தான். தோசை உசத்தியா இட்லி உசத்தியா என்று எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளைத்தான் தெரிந்துகொள்ளப் பார்க்கிறேன். ஐயவினாச் சட்டை போட்டுக்கொண்டு வரும் அறியாவினா.

இதற்கு வரும் பதில்கள்தாம் உண்மையான வேடிக்கை. நன்னூல் கேள்வியை ஆறாகப் பிரித்ததோடு நிற்கவில்லை, பதிலை எட்டாகப் பிரித்திருக்கிறது. நேராகச் சொல்லும் பதில் மூன்று: இது என்று காட்டும் சுட்டு, இல்லை என்னும் மறை, ஆம் என்னும் நேர். மிச்சமிருக்கும் ஐந்தும் சுற்றி வளைத்து வருபவை. ஆனால் அவற்றையும் பதில் என்றே பவணந்தியார் ஏற்றுக்கொள்கிறார். மனுஷர்களோடு நிறையப் பேசிப் பழகியவராக இருந்திருக்க வேண்டும். நான் எங்கள் கடையில் ஒரே ஒரு கேள்வியைப் பல வாரங்களுக்குப் பலரிடம் கேட்டுப் பார்த்தேன். 'இளையராஜாவா ரகுமானா?' ஐந்து நழுவலும் கைக்கு வந்தன.

"நீங்களே சொல்லுங்கண்ணே." இது ஏவல். கேள்வியை நம்மிடமே திருப்பித் தள்ளுவது. பெரும்பாலும் வயதில் சிறியவர்கள் செய்வது, மரியாதைக்காகவும் இருக்கலாம், மாட்டிக்கொள்ளாமல் இருக்கவும் இருக்கலாம்.

"மதுரக்காரன்ட்ட கேக்குற கேள்வியாய்யா இது?" கேள்விக்குக் கேள்வி. வினா எதிர் வினாதல் என்று பெயர். இதில் பதில் ஒளிந்திருக்கவே இல்லை, மேசையைத் தட்டிக்கொண்டு நிற்கிறது.

"ராத்திரி தூக்கம் வராம ரெண்டு மணி வரைக்கும் 'அன்னக்கிளி' பாட்டுக் கேட்டுட்டுக் கெடந்தேன்." தனக்கு நடந்ததைச் சொல்வது, உற்றது உரைத்தல். 1976இல் வந்த படத்தின் பாட்டை இன்றைக்கும் தூக்கத்துக்கு மருந்தாக வைத்திருக்கிறவர், தன் கட்சியைச் சொல்லாமல் சொல்லிவிட்டார்.

"ரகுமான்னு சொன்னா இந்த ஆளு எனக்குக் கடன்ல மாத்திரை குடுக்க மாட்டாரு." நடக்கப்போவதைச் சொல்வது, உறுவது கூறல். எதிரே மருந்துக்கடைக்காரர் முறைத்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக, "எனக்கு எம்.எஸ்.வி." இனமொழி. ஆடுவாயா என்று கேட்டால் பாடுவேன் என்பது. கேட்ட இரண்டையும் விட்டுவிட்டு அதே இனத்தில் மூன்றாவதைத் தூக்கி வைப்பது. எங்கள் சட்டப்படி இதற்கு அபராதம் உண்டு. ஆனாலும் எனக்கு இந்தப் பதில்மீது ஒரு தனி மரியாதை. கேள்வி கேட்டவன் கட்டிய வேலிக்குள் மேய மாட்டேன் என்கிறது அது.

எம்.எஸ்.வி. என்றவுடன் வயதும் தெரிந்துவிட்டது, பார்த்தீர்களா? தமிழர்களின் வயதைக் கண்டுபிடிக்க ஆதார் அட்டை வேண்டியதில்லை, எந்த ஜோடிக்காகச் சண்டை போட்டார் என்று கேட்டால் போதும். பாகவதரா சின்னப்பாவா என்று பிரிந்து நின்ற தலைமுறை ஒன்று. அப்புறம் எம்.ஜி.ஆரா சிவாஜியா. இருவரும் சேர்ந்து நடித்த படம் 1954இல் வந்த 'கூண்டுக்கிளி' ஒன்றே ஒன்று, அதனால் ஒப்பிடும் வேலையை ரசிகர்களே டீக்கடைகளில் செய்து முடித்தார்கள். பிறகு ரஜினியா கமலா, பிறகு விஜய்யா அஜித்தா. பெயர்கள் மாறுகின்றன, இரண்டு ஆகாரமும் அப்படியே நிற்கிறது.

இந்தப் பழக்கத்துக்கு மேடை போட்டுக் கொடுத்தவர்களும் நாம்தான். சிலப்பதிகாரத்திலேயே பட்டிமண்டபம் வருகிறது, கரிகாலனுக்கு மகத நாட்டு மன்னன் கொடுத்த பொருளாக. காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். கம்பன் விழா மேடைகளில்தான் பட்டிமன்றம் இன்றைய உருவத்துக்கு வளர்ந்தது. எங்கள் ஊர் சாலமன் பாப்பையா அதை வீட்டு வரவேற்பறை வரைக்கும் கொண்டுவந்தார், 2021இல் பத்மஸ்ரீயும் வாங்கினார். ஆனால் பட்டிமன்றத்துக்கும் எங்கள் ஆட்டத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு. அங்கே எந்தப் பக்கம் கொடுத்தாலும் அந்தப் பக்கத்துக்காகப் பேசலாம், மனசு எங்கே இருந்தாலும் நாக்கு அங்கே நின்றால் போதும். இங்கே வாதம் கிடையாது, மனசு மட்டும்தான். தவிர, பட்டிமன்ற நடுவர்கள் கடைசியில் அடிக்கடி 'இரண்டும் வாழ்க்கைக்குத் தேவை' என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் கடையில் அவர்களுக்கு டீச் செலவு கட்டுப்படியாகாது.

'ரெண்டும் ஒண்ணுதான்' என்ற பதிலை நாங்கள் இப்படி விரட்டிக்கொண்டிருந்தபோது, அதே பதிலைத் தவமிருந்து எதிர்பார்க்கும் ஓர் இடம் இருக்கிறது என்று போன வருஷம் கண் பரிசோதனைக்குப் போனபோதுதான் தெரிந்தது.

உங்களில் பலர் உட்கார்ந்திருப்பீர்கள் அந்த நாற்காலியில். மூக்கில் கனமான ஒரு சட்டகம். எதிரே எழுத்துப் பலகை. பரிசோதகர் கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி வில்லை ஒன்றை நம் கண்ணுக்கு முன்னால் பிடித்து, சட்டென்று திருப்புகிறார். "ஒண்ணு நல்லாத் தெரியுதா... ரெண்டு நல்லாத் தெரியுதா?" நான் "ரெண்டு" என்றேன். சட்டகத்தில் எதையோ கொஞ்சம் திருகிவிட்டு மறுபடி காட்டினார். "இப்ப, ஒண்ணா ரெண்டா?" "ஒண்ணு." மறுபடி திருகல். மறுபடி கேள்வி. நாலைந்து முறைக்குப் பிறகு எனக்குக் குழப்பம் வந்துவிட்டது. இரண்டும் ஒரே மாதிரி லேசாகக் கலங்கித் தெரிந்தன. தப்பாகச் சொன்னால் தப்பான கண்ணாடி வந்துவிடுமே என்று பயம். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மெல்ல, மன்னிப்புக் கேட்கிற குரலில், "தம்பி, எனக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு" என்றேன். "அதுதான் சார் வேணும்" என்று எழுதிக்கொண்டார்.

அந்த வில்லைக்கு ஜாக்சன் கிராஸ் சிலிண்டர் என்று பெயர். எட்வர்ட் ஜாக்சன் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் இந்தச் சோதனைக்குப் பயன்படுத்திய கருவி. கண்ணின் முன்பரப்பு ஒரு திசையில் கூடுதலாக வளைந்திருந்தால் வரும் கலங்கலைச் சரிசெய்வதுதான் சிலிண்டர் பவர். அது எவ்வளவு, எந்தக் கோணத்தில் என்று நம்மால் சொல்ல முடியாது. 'உங்க பார்வை நூற்றுக்கு எத்தனை' என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் இரண்டைக் காட்டி 'இதா அதா' என்றால் படிக்காதவரும் குழந்தையும் பதில் சொல்லிவிடுவார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே வந்தால், வில்லையின் இரண்டு பக்கமும் சமமாகக் கலங்கும் ஒரு புள்ளி வரும். அந்தப் புள்ளிதான் விடை. வேண்டுமென்றே மசங்கலைத் தேடிப் போகிறார்கள்.

1927இல் சிகாகோவில் எல்.எல். தர்ஸ்டன் என்ற உளவியலாளர் இதையே மனசுக்குச் செய்து பார்த்தார். 19 குற்றங்களை எடுத்துக்கொண்டு, ஜோடி ஜோடியாக மாணவர்களிடம் கொடுத்து, இரண்டில் எது பெரிய குற்றம் என்று கேட்டார். பத்தொன்பதை ஒன்று விடாமல் ஜோடி சேர்த்தால் 171 கேள்வி. திருட்டுக்கு எத்தனை மதிப்பெண், பொய்ச்சாட்சிக்கு எத்தனை என்று ஒருவரும் சொல்ல முடியாது. ஆனால் 171 'இதா அதா'வுக்குக் கிடைத்த பதில்களை அடுக்கினால், மனசுக்குள் இருக்கும் ஏணி எழுந்து நிற்கிறது. எந்த ஜோடியில் பதில்கள் பாதிக்குப் பாதி பிரிகின்றனவோ அவை ஏணியில் பக்கத்துப் பக்கத்துப் படிகள். எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் அவை வெகு தூரம்.

இதைக் கணக்கு வாத்தியாரிடம் சொன்னேன். அவர் கிளாஸை வைத்துவிட்டு, "ஒரு ஆளோட மனசுல ஏணி இருக்கலாம். நாலு பேரைச் சேத்தா ஏணியே இருக்காது, ராட்டினம்தான் இருக்கும்" என்றார். புரியவில்லை என்றேன். பெஞ்சில் விரலால் தண்ணீரைத் தொட்டு எழுதிக் காட்டினார். நீங்களும் ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிபனுக்கு மூன்று பேர் போகிறோம். காசு சேர்த்துப் போட்டதில் மூவருக்கும் ஒரே பலகாரம் என்று ஏற்பாடு. கடையில் இட்லி, பொங்கல், பூரி இருக்கிறது. எனக்கு முதலில் இட்லி, அடுத்து பொங்கல், கடைசியில் பூரி. மருந்துக்கடைக்காரருக்குப் பொங்கல், பூரி, இட்லி என்று வரிசை. வங்கித் தம்பிக்குப் பூரி, இட்லி, பொங்கல். இப்போது ஜோடியாகக் கேட்போம். இட்லியா பொங்கலா? எனக்கு இட்லி, தம்பிக்கும் பொங்கலைவிட இட்லி. இரண்டுக்கு ஒன்று, இட்லி ஜெயித்தது. பொங்கலா பூரியா? நானும் மருந்துக்கடைக்காரரும் பொங்கல். பொங்கல் ஜெயித்தது. அப்படியானால் பூரியைப் பொங்கல் ஜெயித்தது, பொங்கலை இட்லி ஜெயித்தது, ஆகவே பூரியை இட்லி ஜெயித்தே தீர வேண்டும் இல்லையா? கேட்டுப் பாருங்கள். மருந்துக்கடைக்காரர் பூரி என்பார், தம்பி பூரி என்பார். பூரி இரண்டு, இட்லி ஒன்று.

யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் மனசை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனாலும் சுற்றுகிறது. பிரான்ஸில் கொண்டோர்செ என்ற கணித அறிஞர் 1785இல் எழுதிய புத்தகத்தில், ஓட்டுப் போடும் முறைகளை ஆராய்ந்தபோது கண்டது இது. நான்கு வருஷத்தில் அந்த நாட்டில் புரட்சி வந்தது, அவரும் அதில் சேர்ந்தார், 1794இல் சிறையில் செத்துப்போனார். ராட்டினத்தை நிறுத்த வழி கிடைக்கவில்லை. 1951இல் கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், மூன்றோ அதற்கு மேலோ போட்டியில் இருந்தால், விருப்ப வரிசையை வைத்து முடிவெடுக்கும் எந்த ஓட்டு முறையிலும் ஏதோ ஒரு நியாயம் அடிபடும் என்று நிறுவினார்.

இதில் குறும்பு எங்கே இருக்கிறது தெரியுமா? கேள்வியை வரிசைப்படுத்துகிறவன் கையில். எனக்கு இட்லி வேண்டுமென்றால் நான் முந்திக்கொண்டு, "முதல்ல சொல்லுங்க, பொங்கலா பூரியா?" என்பேன். பொங்கல் ஜெயிக்கும், பூரி கழிந்துபோகும். அப்புறம் சாவகாசமாக, "சரி, பொங்கலா இட்லியா?" இட்லி. எல்லாம் பெரும்பான்மைப்படி, எல்லாம் நியாயப்படி. கணக்கு வாத்தியார் இதைச் சொல்லிக் கொடுத்த வாரத்திலிருந்து எங்களுக்குள் யார் முதல் கேள்வி கேட்பது என்பதற்கே சண்டை. காசைச் சுண்டிப் பூவா தலையா போட்டுத்தான் ஆரம்பிக்கிறோம்.

இத்தனை சொல்லியும் ஒன்றை விட்டுவிட்டேன். பதிலைவிட, பதில் வர ஆகும் நேரம் அதிகம் பேசும். 1967இல் மோயர், லாண்டவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மிக எளிய ஒன்றைச் செய்தார்கள். இரண்டு எண்களைக் காட்டி எது பெரியது என்று கேட்டார்கள். இரண்டா ஒன்பதா என்றால் பதில் சட்டென்று வந்தது. எட்டா ஒன்பதா என்றால் ஒரு துளி தாமதித்தது. எட்டைவிட ஒன்பது பெரியது என்று தெரியாத ஆள் யாருமில்லை. ஆனாலும் பக்கத்துப் பக்கத்து எண்களைப் பிரித்துப் பார்க்க மனசு கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் எதையும் நினைக்காமல், மருந்துக்கடைக்காரர் வங்கித் தம்பியிடம் "மதுரையா சென்னையா?" என்று கேட்டார். கேட்டபோதே நாங்கள் அடுத்த ஜோடியை யோசிக்க ஆரம்பித்துவிட்டோம். தம்பி சென்னை என்று சொல்ல மாட்டார். பக்கத்து ஊர் கல்யாணத்துக்குப் போனால்கூட ராத்திரியே திரும்பி வந்துவிடுகிற ஆள். மாஸ்டர் ஆற்றுவதற்காகக் கையை உயர்த்தினார். டீ இறங்கியது, ஏறியது, நுரை கட்டியது. கிளாஸ் மேசைக்கு வந்துவிட்டது. தம்பி கிளாஸின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கணக்கு வாத்தியார்தான் முதலில் கவனித்தார். "ஆர்டர் வந்துருச்சா, தம்பி?" என்றார்.

"வெள்ளிக்கிழமை வந்துச்சு சார். பதவி உயர்வோட. வேணாம்னு எழுதிக் குடுத்தா இங்கயே இருக்கலாம். வீட்ல இன்னும் சொல்லல."

அன்றைக்கு அபராதம் யாரும் கேட்கவில்லை. மாதம் ஒருமுறை தம்பி சென்னையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் வருகிறார் இப்போது, ஸ்டேஷனிலிருந்து நேரே கடைக்கு. நான்கு டீ மூன்றாகி, மாதத்தில் ஒரு வாரம் மட்டும் மறுபடி நான்காகிறது.

இதனால்தான் சில ஜோடிகளை நாங்கள் கட்டுவதில்லை. முக்கியமாக ஒன்று. வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் மூன்று வயதுக் குழந்தையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கேட்பார்களே, 'அம்மா பிடிக்குமா, அப்பா பிடிக்குமா?' தமிழ்க் குழந்தைகள் இந்த விளையாட்டைச் சந்திக்கும் முதல் இடமே அதுதான். எனக்கு அந்தக் கேள்வி ஆகவே ஆகாது. அதில் மசங்கல் வெளிச்சம் கிடையாது, ஒரு குழந்தையை இருட்டில் நிறுத்திவைத்துச் சுற்றி உட்கார்ந்து சிரிப்பதுதான் இருக்கிறது. கேட்பவர்கள் பதிலைத் தெரிந்துகொள்ளக் கேட்பதுமில்லை. குழந்தைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் என்பதால் பிழைத்துக்கொள்கிறார்கள். என் பேத்தி இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு "ஆச்சி" என்றாள். நன்னூல் படிக்காமலேயே இனமொழி.

போன வாரம் சபையில் ஜோடி தீர்ந்துபோய் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் உறைத்தது, இத்தனை வருஷத்தில் மாஸ்டரை ஒருநாளும் கேட்டதில்லை. அதிகாலை நாலு மணியிலிருந்து ஒவ்வொருவரையும் ஸ்ட்ராங்கா லைட்டா, சீனி தூக்கலா கம்மியா, இங்கயா பார்சலா என்று கேட்டுக்கொண்டே இருக்கிற மனுஷன். நான் கூப்பிட்டேன். "மாஸ்டர், டீயா காபியா?"

அவர் ஆற்றிக்கொண்டிருந்ததை நிறுத்தாமலே சொன்னார். "நான் ரெண்டும் குடிக்கிறதில்லண்ணே. வவுத்துக்கு ஆகாது. வெறும் பால்தான்."

சட்டப்படி அன்றைய டீச் செலவு அவருடையது. கணக்கு வாத்தியார் எழுந்து நின்று, கறாராகத் தீர்ப்பை வாசித்தார். மாஸ்டர் கல்லாவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு அடுத்த ஆளிடம் திரும்பி, "உங்களுக்கு ஸ்ட்ராங்கா லைட்டா?" என்றார்.